மூணு மிதி, ஒரு அழுத்து

லெங்காவின் அப்பா ரதிசாவ் காரை ஸ்டார்ட் செய்வதே ஒரு தனி வித்தை.

முதலில் சோக் குமிழை வெளியே இழுப்பார். பிறகு தையல் மெஷினை மிதிப்பதுபோல ஆக்சிலேட்டரை மூன்று முறை மிதிப்பார். கடைசியாகத் தரையோடு தரையாக ஒரே அழுத்து. அழுத்தியபடியே சாவியைத் திருப்புவார். கார் இரண்டு தும்மல் தும்மி, கரும்புகையைக் கக்கி, உயிர் பெற்று எழும்.

"மூணு மிதி, ஒரு அழுத்து. இவ்வளவுதான் சூட்சுமம்!" என்று அப்பா சொல்வார். தீமோக் ஆற்றோரத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில், பழைய கார் வைத்திருந்த எல்லோருக்கும் இந்தப் பாடத்தை எடுத்தவர் அவர்தான். கேட்காதவர்களுக்கும் எடுத்திருக்கிறார்.

காரின் பெயர் ஸ்தோயாதின். செர்பியாவில் அந்த மாதிரிப் பழைய காரை எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுவார்கள். லெங்காவின் வீட்டு ஸ்தோயாதின் தக்காளி நிறம். அவளைவிட வயதில் மிகவும் மூத்தது.

கிளம்புவதெல்லாம் கிளம்பிவிடும். மலை ஏறுவதுதான் பிரச்சினை. ஒவ்வொரு அக்டோபரிலும் புனித தோமாவின் திருநாளுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த லெங்காவின் ஞானத்தந்தை வெலிமிர் வீட்டுக்கு அவர்கள் போக வேண்டும். அது வெலிமிர் குடும்பத்தின் ஸ்லாவா, அதாவது குலப் புனிதருக்கு எடுக்கும் விழா. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஆனால் வராதவர் யார் என்பதை மட்டும் வருடம் முழுக்க ஞாபகம் வைத்திருப்பார்கள்.

போன வருடம் பாதி மலையில் கார் நின்றுவிட்டது. பெட்ரோல் வழிந்து, கார் முழுக்க ஒரே நாற்றம். லெங்காவுக்கு வயிற்றைப் புரட்டியது. இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு முந்தைய வருடமும் அதே வளைவு, அதே நாற்றம்.

இந்தக் கோடையில் அம்மாவின் தம்பி வூகன் நீஷ் நகரத்திலிருந்து வந்திருந்தான். எலக்ட்ரீஷியன். கையில் டெஸ்டர் இல்லாமல் சாப்பிடக்கூட உட்கார மாட்டான்.

"அத்தான், கார்புரேட்டரைக் கழட்டிப் போட்டுட்டு இன்ஜெக்ஷன் வெச்சுடலாம்" என்றான் ஒருநாள்.

"அது என்ன வித்தியாசம் மாமா?" என்று கேட்டாள் லெங்கா.

"கார்புரேட்டர் உங்கப்பா சூப்புக்கு உப்புப் போடற மாதிரி. கைக்கு வந்ததை அள்ளிப் போடும். இன்ஜெக்ஷன் உங்கம்மா போடற மாதிரி. ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அளந்து பார்த்து, வேணுங்கற அளவு பெட்ரோலை மட்டும் விடும்."

"புதுச் செட்டு வாங்கற காசுக்கு இன்னொரு காரே வாங்கிடலாம்டா!" என்றார் அப்பா.

"புதுசு யார் கேட்டா? காயலான் கடை எதுக்கு இருக்கு?"

ஊருக்கு வெளியே இருந்த காயலான் கடையில் பின்பக்கம் நசுங்கிய ஒரு கார் கிடந்தது. ஸ்தோயாதினுக்குத் தம்பி முறை. என்ஜின் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இன்ஜெக்ஷன் வைத்து வந்த பிந்தைய மாடல். அதிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டி, பெட்ரோல் பம்ப், ஒரு கூடை ஒயர் எல்லாவற்றையும் மாமா பேரம் பேசி வாங்கி வந்தான்.

ஒயர்களின் முனைகளுக்கு லெங்காதான் அடையாளம் வைத்தாள். சிவப்பு நகப்பூச்சு உள்ள முனை சிவப்பு உள்ள முனையோடு, ஊதா ஊதாவோடு. கம்ப்யூட்டரைப் பொருத்த ஒரு தகடு தேவைப்பட்டது. மாமா எங்கிருந்தோ கொண்டுவந்தான். இரண்டு நாள் கழித்து அம்மா கொர்தானா, "என் கேக் தட்டை யாராவது பார்த்தீங்களா?" என்று வீடு முழுக்கத் தேடினாள். லெங்காவும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

ஒருவழியாக வேலை முடிந்தது. மாமா வெளியே நின்றபடி, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். கண் மட்டும் என்ஜின் மேல் இருந்தது. தும்மல் இல்லை, புகை இல்லை. திருப்பிய உடனே என்ஜின் சீராக ஓடியது.

"ஐயோ, ஓடுதுக்கா!" என்று அக்காவைக் கட்டிக்கொண்டான்.

"நகரு, நான் பார்க்கறேன்" என்று அப்பா உள்ளே ஏறினார். கை தானாகச் சோக் குமிழைத் தேடியது. அது இருந்த இடத்தில் இப்போது ஒரு ஓட்டைதான் இருந்தது. செருமிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

குர்ர்... குர்ர்... குர்ர்... அவ்வளவுதான். கார் கிளம்பவில்லை.

அன்று ஆரம்பித்தது வினை. மாமா திருப்பினால் ஓடும். அப்பா திருப்பினால் ஓடாது. மாமா ஒவ்வொரு ஒயராகச் சோதித்தான். ஒரு தவறும் இல்லை. மறுபடி அப்பா ஏறினார். குர்ர்... குர்ர்...

பக்கத்து வீட்டு மிலுதினுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. காபிக் கோப்பையோடு வேலியோரம் வந்து நின்றுவிடுவார்.

"என்னய்யா ரதிசாவ், உன் காரே உன்னை மதிக்க மாட்டேங்குதே!" என்பார்.

அப்பாவின் காது மடல் சிவந்து போகும். அந்தத் தெருவுக்கே கார் கிளப்பச் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா?

திருநாளுக்கு முதல் நாள் மதியம், முற்றத்தில் அம்மா சிவப்புக் குடைமிளகாய்களை அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தாள். லெங்கா பக்கத்தில் உட்கார்ந்து தோலை உரித்தாள். அப்பா மறுபடியும் காரில் ஏறினார். மறுபடியும் குர்ர்.

காரிலிருந்து இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினார்.

"நீ பக்கத்துல இருந்தாத்தான் ஓடும்னா, உன்னையும் டிக்கில போட்டுக்கிட்டா போக முடியும்?"

"எனக்கு ஓடுது, உங்களுக்கு ஓடலைன்னா நான் என்ன அத்தான் பண்றது? உங்களுக்கு முதல்லேர்ந்தே இது பிடிக்கல. ஓடக் கூடாதுன்னே ஏறறீங்க!"

"நான் ஏதோ வேணும்னே பண்றேங்கறியா? நீதான் எதையோ மறைச்சு வெச்சு வித்தை காட்டறே!"

"போதும், ரெண்டு பேரும்!" என்றாள் அம்மா. மிளகாய் ஒரு பக்கம் கருகியே போனது.

அப்பா படிக்கட்டின் கீழிருந்து பழைய கார்புரேட்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் டொக்கென்று வைத்தார். "நாளைக்குக் காலைல ஒரே ஒரு தடவை திருப்புவேன். ஓடலைன்னா பஸ்ல போயிட்டு வருவோம். வந்ததும் இதை மாட்டிடுவேன். உன் சாமானெல்லாம் எங்கிருந்து வந்துச்சோ அங்கேயே போகட்டும்!" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மாமா உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்பானர்களைப் பையில் போட ஆரம்பித்தான். ஒரு கோடை முழுக்கச் செய்த வேலை. அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. மாமாவும் ஏமாற்றுகிறவன் இல்லை. அப்படியென்றால் இரண்டு பேரும் பார்க்காத ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

"மாமா, போறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு தடவை பாரேன்" என்றாள்.

"பார்த்துப் பார்த்து என் கண்ணே பூத்துப் போச்சு. சரி, உள்ள உட்காரு. நான் சொன்னதும் சாவியைத் திருப்பு. கியர் போடல, ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கேன். வேற எதையும் தொடாதே."

மாமா என்ஜின் மூடியைத் தூக்கிவிட்டு அதன் பின்னால் மறைந்துபோனான். லெங்கா சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் கால்கள் அந்தரத்தில் ஆடின.

"திருப்பு!"

கார் உடனே கிளம்பியது.

"பார்த்தியா? உனக்கும் ஓடுது! உங்கப்பாவுக்கும் இதுக்கும் ஜாதகப் பொருத்தமே இல்ல!"

லெங்கா என்ஜினை அணைத்துவிட்டு யோசித்தாள். மாமாவுக்கு ஓடுகிறது. எனக்கு ஓடுகிறது. மாமா பெரியவன், நான் சின்னவள். மாமா வெளியே நின்று திருப்புகிறான், நான் உள்ளே உட்கார்ந்து திருப்புகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் என்ன ஒற்றுமை?

குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவை எங்கேயும் எட்டவில்லை. மாமாவின் கால்களோ காருக்குள்ளேயே வருவதில்லை.

"மாமா, அங்கேயே இரு!" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் அம்மாவின் துடைப்பத்தை எடுத்து வந்தாள். துடைப்பக் கட்டையால் ஆக்சிலேட்டரை மூன்று மிதி, பிறகு தரையோடு ஒரே அழுத்து. சாவியைத் திருப்பினாள்.

குர்ர்... குர்ர்... குர்ர்...

"ஏய், என்ன பண்ணின?" என்று மாமா பதறி ஓடி வந்தான். துடைப்பத்தைப் பார்த்தான். லெங்கா அதை எடுத்துவிட்டு மறுபடி திருப்பினாள். கார் கிளம்பியது.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் நாலு தட்டுத் தட்டிக்கொண்டான்.

"மூணு மிதி, ஒரு அழுத்து! அடக் கடவுளே! லெங்கா, பெடலை எவ்வளவு மிதிக்கறோம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுக்கு ஒரு சென்சார் இருக்கு. ஸ்டார்ட் பண்றப்ப பெடலை முழுசா அமுக்கியிருந்தா, 'என்ஜின்ல பெட்ரோல் வழிஞ்சு கிடக்கு, காத்து வாங்கிக் காயட்டும்'னு நெனச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திடும். நான் எப்பவும் வெளியே நின்னே திருப்பினேன். அத்தான் கால் என்ன பண்ணுதுன்னு ஒரு தடவைகூடப் பார்க்கலையே!"

சட்டென்று துள்ளி எழுந்தான். "இப்பவே போய்ச் சொல்றேன். 'கோளாறு உங்க கால்லதான் அத்தான்'னு!"

லெங்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் மாமா!"

"ஏன்?"

"அப்பா அந்தப் பாடத்தை இந்தத் தெருவுக்கே நடத்தியிருக்கார். இப்ப நீ கத்தினா மிலுதின் பெரியப்பாவும் கேட்பார். அப்பா இருக்கற கோவத்துல நம்பவும் மாட்டார். சண்டைதான் பெரிசாகும்."

"அதுக்காக? கார்புரேட்டரை மாட்டட்டுமா?"

"அவரே கண்டுபிடிக்கணும். நாம சொன்னா அது தோல்வி. அவரா பார்த்தா தோல்வி இல்லையே?"

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இத்தனூண்டு இருந்துக்கிட்டு என்ன பேச்சுப் பேசறே! சரி, என்ன பண்ணப் போறே?"

"நீ நாளைக் காலைவரைக்கும் வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

அதுதான் மாமாவுக்குக் கஷ்டமான வேலையாக இருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது சொல்ல வந்ததை ரொட்டித் துண்டால் அடைத்து அடைத்து, கூடையில் இருந்த ரொட்டி முழுவதையும் தின்று தீர்த்தான்.

காலையில் எல்லோரும் திருநாள் உடையில் புறப்பட்டு வந்தார்கள். திருநாள்களில் அப்பாவின் காலணிக்குப் பாலிஷ் போடுவது லெங்காவின் வேலை. அன்று கண்ணாடிபோலப் பளபளக்கப் போட்டாள். ஆனால் கயிறுகளை மட்டும் முழுக்கத் தளர்த்தி, தொளதொளவென்று விட்டிருந்தாள். அப்பா இருந்த சிந்தனையில் அதைக் கவனிக்காமல் காலை நுழைத்துக்கொண்டு நடந்தார்.

மிலுதின் காபிக் கோப்பையோடு வேலிக்கு வந்துவிட்டார். "பஸ் ஒன்பதரைக்கு, ரதிசாவ்! ஞாபகம் வெச்சுக்கோ!"

அப்பா காரில் ஏறினார். கை வழக்கம்போல ஓட்டையைத் தேடித் திரும்பியது. கால் ஆக்சிலேட்டரை நோக்கிப் போனது.

"அப்பா, உங்க ஷூ லேஸ்!" என்று லெங்கா ஓடி வந்தாள். "அவிழ்ந்து கிடக்குப்பா. காலை வெளியே நீட்டுங்க, கட்டி விடறேன்."

"அப்புறம் கட்டிக்கலாம்மா."

"வெலிமிர் அப்பா வீட்டு வாசல்ல தடுக்கி விழுந்தா? எல்லாரும் பார்ப்பாங்களே?"

அப்பா பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கால்களையும் காருக்கு வெளியே தரையில் ஊன்றினார். லெங்கா மண்டியிட்டு உட்கார்ந்து முதல் முடிச்சைப் போட்டாள்.

"நான் கட்டறதுக்குள்ள நீங்க சாவியைத் திருப்பிடுங்களேன்ப்பா. நேரம் ஆகுது" என்றாள், தலையைத் தூக்காமலே.

அப்பா பெருமூச்சு விட்டார். உடம்பைத் திருப்பாமல், கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

ஸ்தோயாதின் உடனே கிளம்பியது. என்ஜின் அமைதியாக, சீராக ஓடியது. மிலுதின் வாயருகே கொண்டுபோன கோப்பை அங்கேயே நின்றுவிட்டது.

அப்பாவின் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "குருட்டாம்போக்குல கிளம்பியிருக்கும்" என்று முணுமுணுத்தபடி அணைத்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மூணு மிதி, ஒரு அழுத்து.

குர்ர்... குர்ர்... குர்ர்...

மாமா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே, சற்றுமுன் கால் ஊன்றியிருந்த இடத்தை அப்பா பார்த்தார். பிறகு மெதுவாக வலது காலைப் பெடலிலிருந்து தூக்கினார். அந்தரத்தில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

கார் கிளம்பியது.

அப்பா தன் பளபளக்கும் வலது காலணியை, அது யாருடையது என்று தெரியாதவர்போல வெகுநேரம் பார்த்தார்.

"என்னய்யா கோளாறு?" என்று கேட்டார் மிலுதின். "பேட்டரியா? இல்ல, அந்தக் காயலான் கடைச் சாமானா?"

பேட்டரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதோடு விஷயம் முடிந்திருக்கும். அப்பா அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும் என்றுதான் லெங்காவும் நினைத்திருந்தாள்.

ஆனால் அப்பா மாமாவைப் பார்த்தார். திருநாள் சட்டைக்குள்ளிருந்து நீண்ட அந்தக் கைகளின் நகக்கண்களில் இன்னும் கிரீஸ் இருந்தது. அப்பா காரிலிருந்து இறங்கி நிமிர்ந்து நின்றார்.

"சாமான்ல ஒரு கோளாறும் இல்ல மிலுதின்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "என் கால்லதான் கோளாறு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? மூணு மிதி, ஒரு அழுத்துன்னு மிதிச்சு மிதிச்சு, நானே இதோட கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!"

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு மாமாவின் தோளில் கையைப் போட்டார்.

"நேத்து நான் பேசினது தப்பு மச்சான். நீ பண்ணினது நல்ல வேலை. ரொம்ப நல்ல வேலை."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானும்தான் அத்தான் கண்டபடி பேசினேன்" என்றான்.

அப்பா குனிந்து இரண்டாவது லேஸைக் கட்டினார். கட்டிக்கொண்டே, "பாலிஷ் போட்டவங்க லேஸை ஏன் இப்படி விட்டுட்டாங்க?" என்று கேட்டார்.

"மறந்துட்டேன்ப்பா" என்றாள் லெங்கா.

"ம்ம். நல்லாத்தான் மறந்திருக்கே" என்று அவள் மூக்கைப் பிடித்து ஆட்டினார். அவர் விரலில் ஒட்டியிருந்த பாலிஷ் அவள் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

கார் மலை ஏறியது. அந்த வளைவு வந்தது, போனது. லெங்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டே வந்தாள். நாற்றமும் இல்லை, வயிற்றைப் புரட்டவும் இல்லை.

மலை உச்சியில் அப்பா காரை ஓரம் கட்டி அணைத்தார்.

"எதுக்கு நிறுத்தினீங்க?" என்று கேட்டாள் அம்மா, மடியில் இருந்த பலகாரத் தட்டைப் பிடித்தபடி.

"இயற்கைக் காட்சி பார்க்க" என்றார் அப்பா. ஆனால் ஜன்னல் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. கை அதற்குள் சாவிமேல் இருந்தது. "ம், எல்லாரும் காலைத் தூக்குங்க!"

"நாங்க எதுக்கு அத்தான் தூக்கணும்?" என்றான் மாமா பின்சீட்டிலிருந்து. "உங்க கால் மட்டும் தூக்கினாப் போதும்."

"இதோட மூளையைப் பத்தி உனக்குத் தெரியும் மச்சான். இதோட மனசைப் பத்தி எனக்குத்தான் தெரியும். பேசாம தூக்கு!"

அம்மா தட்டோடு சேர்த்துத் தூக்கினாள். மாமா முழங்கால் மோவாயில் இடிக்கத் தூக்கினான். லெங்கா எல்லோரையும்விட உயரமாகத் தூக்கினாள். எட்டுக் கால்களும் அந்தரத்தில் நிற்க, அப்பா சாவியைத் திருப்பினார். ஸ்தோயாதின் ஒரே திருப்பில் கிளம்பியது.